நார்த் பிளாட் கேன்டீன் அரசுத் திட்டம் அல்ல

"இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள நார்த் பிளாட் ரயில் ஸ்டேஷனில் ராணுவ வீரர்களுக்குச் சாப்பாடு போட்டது அரசு, ஊர்க்காரர்கள் பரிமாற மட்டும் செய்தார்கள்" என்று சொல்வது தவறு.

1941 டிசம்பர் 17 அன்று தங்கள் ஊர்ப் பையன்கள் ரயிலில் வருவதாகக் கேள்விப்பட்டு மக்கள் தின்பண்டங்களோடு காத்திருந்தார்கள். வந்ததோ பக்கத்து மாநிலமான கான்சாஸின் படைப்பிரிவு. சரி, இவர்களும் பிள்ளைகள்தானே என்று எல்லாவற்றையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். ரே வில்சன் என்ற இளம்பெண் உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுத, கிறிஸ்துமஸ் அன்றே கேன்டீன் தொடங்கிவிட்டது.

சுமார் 12,000 பேர் வாழ்ந்த ஊர் அது. சுற்றுப்புறத்தில் 125 ஊர்கள் கைகொடுக்க, 1946 ஏப்ரல் 1 வரை ஏறக்குறைய 60 லட்சம் பேரைக் கவனித்தார்கள். ரயில் நிற்பதே பத்துப் பதினைந்து நிமிடம்தான்! சர்க்கரைக்கு ரேஷன் இருந்த காலம். வீட்டுப் பங்கைக் கொடுத்துத்தான் பிறந்தநாள் கேக் செய்தார்கள். இறைச்சியும் ரேஷனில் போனபோது, ஃபெசன்ட் பறவைகளை வேட்டையாடி சாண்ட்விச் வைத்தார்கள்.

அரசுத் தரப்பிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுவது அதிபர் ரூஸ்வெல்ட் அனுப்பிய 5 டாலர். இடம் கொடுத்தது யூனியன் பசிபிக் ரயில்வே. அதுவும் தனியார் நிறுவனம்தான்.