ஏழு நாள் கேம்ப்னு கூட்டிட்டுப் போயி மூணாவது நாளே பஸ் ஏத்திட்டாங்க

ஃபர்ஸ்ட் இயர்ல என்சிசி, என்எஸ்எஸ், ஒய்ஆர்சி ஏதாவது ஒண்ணுல சேரணும்னு ஃபார்ம் குடுத்தப்ப எல்லாரும் எதுல வேலை கம்மின்னு விசாரிச்சாங்க, நான் ஆசைப்பட்டு என்எஸ்எஸ், அதான் நாட்டு நலப்பணித் திட்டம், அதை எழுதினேன். 1969ல, காந்தி நூற்றாண்டு வருஷத்துல ஆரம்பிச்சது இது, காலேஜ் பிள்ளைங்க ஊருக்குள்ள இறங்கி வேலை பாக்கணும்னு. "நாட் மீ பட் யூ"ன்னு பேட்ஜ்ல பாத்தப்ப எனக்கு நெஜமாவே சிலிர்த்துச்சு.

ரெண்டு வருஷத்துல 240 மணிநேரம், கூட ஒரு ஏழு நாள் கேம்ப். இதுதான் கணக்கு. அந்த மணிநேரத்துல நான் என்ன பண்ணேன் தெரியுமா, சீஃப் கெஸ்ட் வந்தா பட்டுப் பொடவை கட்டிட்டு பன்னீர் தெளிச்சேன், ஆடிட்டோரியத்துல சேர் தூக்கினேன், பிளேஸ்மென்ட்டுக்கு கம்பெனிக்காரங்க வந்தா தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போனேன், அதையெல்லாம் நோட்டுல சேவைன்னு எழுதிட்டாங்க. இது யாருக்குங்க சேவை?

சரி, கேம்ப்லயாச்சும் வேலை இருக்கும்னு போனேன். கண்மாய்க்கரையில சீமைக்கருவேலம் வெட்டணும், ஸ்கூல் காம்பவுண்ட் சுவருக்கு வெள்ளையடிக்கணும். ரெண்டு நாள் கை கொப்புளிக்க வெட்டினோம், அந்த ஊரு பாட்டி ஒருத்தவங்க மோர் கரைச்சுக் கொண்டாந்து குடுத்துட்டு "நாளைக்கும் வருவீகளா தாயி"ன்னு கேட்டாங்க, வருவோம் பாட்டின்னு வாய் நிறைய சொன்னேன். மூணாவது நாள் காலையில என்எஸ்எஸ்ஸை பாத்துக்கற பிஓ சார் வந்து ரோட்டைப் பாத்த பக்கம் மட்டும் வெள்ளையடிங்க போதும்னாரு, அப்புறம் டீ-ஷர்ட்டை மாத்தச் சொல்லி, இடத்தை மாத்தி நிக்கச் சொல்லி, மிச்ச நாலு நாளுக்கும் சேத்து போட்டோ எடுத்து முடிச்சாரு, சாயங்காலம் பஸ் வந்துருச்சு. ஏன் சார்னு கேட்டா காலேஜுக்கு கிரேடு போடற நாக் டீம் வருது, ஃபைல் ரெடி பண்ணணுமாம்.

சீமைக்கருவேலத்தை மேலாக்க வெட்டிட்டு வேரைத் தோண்டாம விட்டா முன்னைவிட அடர்த்தியா துளுக்கும்னு அந்த ஊருல பச்சப்புள்ளைக்கும் தெரியும். நாங்க விட்டுட்டு வந்த கட்டையெல்லாம் இந்நேரம் புதரா நிக்கும். நாங்க போகாமலே இருந்திருந்தாக்கூட அவங்களுக்கு இவ்வளவு தொல்லை இல்ல!

இதுல என்னால தாங்கவே முடியாதது என்னன்னா கேம்ப்புக்கு வராத பத்துப் பன்னெண்டு பேரு பேரும் அதே நோட்டுல இருக்கு, ஏழு நாளும் வந்ததா. டிபார்ட்மெண்ட் அசோசியேஷன், தமிழ் மன்றம்னு எங்க காலேஜ்ல எந்த கிளப்பை எடுத்தாலும் இதே கதைதான், பேனர் பிடிச்சு நிக்க மட்டும் ஆள் வேணும். ஆனா மத்ததெல்லாம் கேம்பஸுக்குள்ள முடிஞ்சு போற விஷயம், இது ஒரு ஊருக்கு வாக்கு குடுத்துட்டு வந்தது.

போன வாரம் சர்டிபிகேட் வாங்க கையெழுத்து போடச் சொன்னாங்க. நான் போடல. சார், மிச்சம் நாலு நாள் இருக்கு, எங்களை மறுபடி அங்க அனுப்புங்க, பஸ்ஸுக்கு நாங்களே காசு போட்டுக்கறோம், மண்வெட்டி மட்டும் குடுங்கன்னு எழுதிக் குடுத்துருக்கேன். இதுவரைக்கும் யாரும் பதில் சொல்லல.