கேமரா மாட்டியும் கண்ணாமூச்சிதான்

காரை வீட்டிலிருந்து ரோட்டுக்கு எடுப்பதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது. இந்தப் பக்கம் மதில், அந்தப் பக்கம் வளைவு; ரோட்டில் வருகிற வண்டியே தெரியாது. சரியென்று ரோட்டைப் பார்க்க கேட்டில் கேமரா மாட்டினால், படம் வைஃபையில் ஊர்ந்து காருக்குள் வந்து, ஒரு நொடி பழைய காட்சியைக் காட்டுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி அந்த ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் வந்துவிடுமே! போதாததற்கு அகலமாகப் படம் பிடிக்கும் வைட் ஆங்கிள் லென்ஸ் வேறு. கிட்டே வரும் லாரியைக்கூட எங்கேயோ தூரத்துப் புள்ளியாக்கிவிடும். ராத்திரியில் கேட்கவே வேண்டாம், ஹெட்லைட் பட்டதும் திரை முழுக்க வெள்ளை. கேபிள் இழுத்தால் தாமதம் குறையுமாம். கேட்டிலிருந்து ஓடுகிற காருக்குள் எப்படி ஐயா கேபிள் இழுப்பது? கேமராவுக்குப் பதில் வளைவைக் காட்டும் குவிந்த கண்ணாடி வைத்தால், அதிலும் எல்லாம் தள்ளித்தான் தெரிகிறது. ஹாரனை அழுத்தியபடி மூக்கை மெல்ல நீட்டினால், வளைவில் வருகிறவர் நம்மை முறைக்கிறார்.