ஒரே விவரத்தை எத்தனை இடத்தில் எழுதுவது?
தடுப்பூசி கிளினிக்குகளில் எழுத்து வேலை கூடி, பிள்ளைகளைப் பார்க்கும் நேரம் குறைந்துவிட்டது என்று அண்மையில் வந்த கட்டுரை ஒன்றில் சொல்லியிருப்பது முழு உண்மை. திருகோணமலையில் பேத்தியைக் கொண்டு போகும்போது நான் காண்பதும் அதுதான். ஊசி போட ஒரு நிமிடம்கூட ஆகாது. அப்புறம் மிஸ்ஸி (தாதி) குனிந்து பிள்ளையின் தடுப்பூசிக் கொப்பியில் திகதியும் மருந்தின் தொகுதி (batch) இலக்கமும் எழுதுகிறார்; அதையே கிளினிக் பதிவேட்டிலும் எழுதுகிறார். காலாண்டு அறிக்கைக்கும் இதே கணக்கைத்தான் எண்ணி எடுக்க வேண்டும். 2, 4, 6 மாதங்களில் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி), 9இல் எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசி), 12இல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி என்று ஒவ்வொரு முறையும் இதே கதை. "இரவு காய்ச்சல் வந்தால் என்ன செய்ய, மிஸ்ஸி?" என்று மகள் கேட்க, அவர் பேனையை வைக்காமலே பதில் சொன்னார். அவர் மேல் குறை இல்லை, வரிசை வாசல்வரை நின்றது.

அதற்காகப் பதிவையே குறைக்கலாம் என்றால் நான் சம்மதிக்க மாட்டேன். 2004 சுனாமியில் கிண்ணியாவிலும், 2006இல் சண்டைக்குப் பயந்து மூதூரை விட்டு ஓடியபோதும் சனம் உயிரைத்தான் கையில் பிடித்துக்கொண்டு போனது, கொப்பியை யார் தேடினார்கள்? கிளினிக்கில் இன்னொரு பதிவு இருந்தால்தான் எது போட்டது, எது பாக்கி என்று தெரியும். ஒரு தொகுதி மருந்தில் பிழை என்றால், அது எந்தப் பிள்ளைகளுக்குப் போனது என்று தேடவும் அந்த இலக்கம்தான் வழி.

ஒருமுறை பதிந்தால் எல்லா இடத்துக்கும் போகிற ஏற்பாடு வேண்டும். அது வரும்வரை கிளினிக் நாளில் எழுதுவதற்கென்று ஒருவரைத் தனியாகப் போடுங்கள். படித்துவிட்டு வேலை தேடி நிற்கும் பிள்ளைகள் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.