அங்கே நல்லாத்தானே இருந்தான்?

சிகிச்சை மையத்தில் 45 நாள் இருந்துவிட்டு வந்த என் நண்பன், வீடு திரும்பிய ஒன்பதாவது நாள் மறுபடியும் குடித்துவிட்டான். கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "அங்கே நல்லாத்தானே இருந்தான்?" நானும் கேட்டேன். கூடவே "மனசுல உறுதி இல்ல" என்றும் சொன்னேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஏனென்றால், பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. அங்கே நன்றாகத்தான் இருந்தான். அவன் குடிக்கப் பழகியது அங்கே இல்லையே.

பாவ்லோவின் நாயைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சத்தம். சில நாளில் சத்தத்துக்கே எச்சில் ஊறும். நாயைப் பற்றிய பாடம் என்று பரீட்சை எழுதிவிட்டு மறந்துவிட்டோம். பதினைந்து வருடம் தினமும் மாலை ஏழு மணிக்குக் குடித்தவனுக்கு ஏழு மணிதான் அந்தச் சத்தம். வேலை முடிந்து வரும் தெரு, பாட்டில் மூடி திருகும் ஒலி, கண்ணாடி டம்ளரில் ஐஸ் விழுவது, கூட உட்காரும் அதே இரண்டு பேர் என்று எல்லாமே அதில் சேர்த்தி. இதில் ஏதாவது ஒன்று எதிர்ப்பட்டாலும் வாய் ஊறுகிறது, நெஞ்சு படபடக்கிறது. குடிக்கலாமா வேண்டாமா என்று அவன் யோசிக்க ஆரம்பிப்பதற்குள் உடம்பு பாதி வழி போய்விடுகிறது.

வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளை வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. முதலில் பழச்சாறு வாயில் விழும்போதுதான் குரங்கின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகியதும் துடிப்பு விளக்குக்குத் தாவிவிட்டது. சாறு வந்தபோது தனியாகத் துடிப்பே இல்லை! என் நண்பன் ஒருமுறை, "குடிச்சா ஒண்ணும் சந்தோஷமா இல்லடா, ஆனா குடிக்காம இருக்க முடியல" என்றான். சாக்கு என்று நினைத்தேன். ஒன்றை விரும்புவதும் அதற்காகத் தவிப்பதும் மூளையில் ஒன்றல்ல என்று ராபின்சன், பெரிட்ஜ் என்ற இரு ஆய்வாளர்கள் 1993-லேயே எழுதியிருக்கிறார்கள்.

சரி, 45 நாள் குடிக்காமல் இருந்தானே, அந்தப் பழக்கம் அழிந்திருக்காதா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம், நான் உட்பட. பழைய பாடம் அழிவதில்லை. அதன் மேல் புதுப் பாடம் ஒன்று ஏறுகிறது, அவ்வளவுதான். மார்க் பூட்டன் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியது இது: அந்தப் புதுப் பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இடம் மாறினால் பழையது தலைதூக்குகிறது. சிகிச்சை அறையில் மதுவைக் கண்ணெதிரே வைத்து, ஏக்கம் தணியும்வரை பார்க்க வைக்கும் முறை ஒன்று உண்டு. அறைக்குள் ஏக்கம் தணிந்தாலும் வெளியே அது பெரிதாகக் கைகொடுக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் வியட்நாம் போர். அங்கே ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்க வீரர்கள் நாடு திரும்பியதை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970-களில் ஆராய்ந்தார். முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் ஏறக்குறைய 5 சதவீதம்தான். அவர்கள் பழகிய இடத்தை விட்டு வந்தவர்கள். என் நண்பன் பழகிய இடத்துக்கே திரும்பியவன். ஆனால் இடம் மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஊர் திரும்பியபின் அவர்களுக்கு ஹெராயின் அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவும் இல்லை. மது அப்படியா?

எனக்கு உண்மையில் கோபம் வருவது இன்னொரு வகை ஆட்கள் மீது. "நாங்க குடிக்கிறோம், நீ சும்மா பக்கத்துல உட்காரு, உன் உறுதிய பார்ப்போம்" என்பவர்கள். இது நட்பும் இல்லை, சோதனையும் இல்லை. மணியை அடித்துவிட்டு எச்சில் ஊறாதே என்று சொல்வது. பழைய தெருவைத் தவிர்ப்பவனைக் கோழை என்கிறார்கள். என் கண்ணுக்கு அவன்தான் விவரமானவன்.

தெருவை மாற்றினால் குடிநோய் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தவிப்பைக் குறைக்க நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகள் இருக்கின்றன, மருத்துவரிடம் கேட்கலாம். அப்புறம், தினமும் அதிகமாகக் குடிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே தாமாக நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

நண்பன் மறுபடி சிகிச்சைக்குப் போய் வந்தான். இந்த முறை வீட்டில் நாற்காலி இடம் மாறியது, பழைய டம்ளர்கள் போயின, வேலையிலிருந்து சுற்று வழியில் வருகிறான். ஏழு மணிக்கு என்னை அழைப்பான். நேற்றும் அழைத்தான். ஒன்றும் பேசவில்லை, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நானும் பேசாமல் இருந்தேன். இருபது நிமிடம் இருக்கும். "சரி, போயிடுச்சு" என்று வைத்துவிட்டான்.