கேட்டிருந்தா குடுத்திருப்பேன்

மூணு நாளா என் டைம்லைன்ல அதே பதிவு திரும்பத் திரும்ப வருது. "என் படங்களையும் எழுத்துக்களையும் ஏஐ பயிற்சிக்குப் பயன்படுத்த நான் அனுமதி தரவில்லை, இதை காப்பி பண்ணி உங்க பக்கத்துல போடுங்க"ன்னு. ஏஐங்கிற செயற்கை நுண்ணறிவுக்கு நம்ம எழுத்தையும் படத்தையும் ஊட்டிப் பழக்குறதுதான் இந்தப் பயிற்சி. போட்டவங்கள்ல என் சித்தி இருக்காங்க, கூட வேலை பாக்குறவங்க இருக்காங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சு படிக்கிற ரெண்டு பேர் இருக்காங்க. யாரையும் குறை சொல்ல இதை எழுதல. பயந்துதான் போடுறாங்க, அந்த பயம் நியாயமானது. ஆனா அந்தப் பதிவால ஒண்ணும் நடக்காது. 2024 செப்டம்பர்ல 'குட்பை மெட்டா ஏஐ'ன்னு ஆங்கிலத்துல இதே மாதிரி ஒண்ணு சுத்துச்சு, இன்ஸ்டாகிராம்ல லட்சக்கணக்கான பேர் போட்டாங்க, ஹாலிவுட் நடிகர்கள் வரைக்கும். இதை மறுப்பா எடுத்துக்க முடியாதுன்னு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ரெண்டையும் நடத்துற மெட்டா கம்பெனி அப்பவே சொல்லிடுச்சு. அக்கவுண்ட் ஆரம்பிச்சப்ப ஒத்துக்கிட்ட விதிமுறைய நம்ம பக்கத்துல ஒரு பத்தி எழுதி மாத்திட முடியாது.

என்னை உலுக்குனது வேற ஒரு விஷயம். அதே 2024 செப்டம்பர்ல ஆஸ்திரேலியா செனட் குழு முன்னாடி மெட்டாவோட பிரைவசி இயக்குநர் மெலிண்டா க்ளேபா பதில் சொல்ல வந்தாங்க. 2007-ல இருந்து ஃபேஸ்புக்லயும் இன்ஸ்டாகிராம்லயும் பெரியவங்க பப்ளிக்கா போட்ட எல்லாத்தையும், அவங்களே பிரைவேட் ஆக்கினதைத் தவிர, ஏஐ பயிற்சிக்கு எடுத்துக்கிட்டீங்கதானேன்னு டேவிட் ஷூபிரிட்ஜ்ங்கிற செனட்டர் நேரடியா கேட்டார். சரிதான்னு ஒத்துக்கிட்டாங்க. பதினெட்டு வயசுக்கு கீழ உள்ளவங்க அக்கவுண்ட்ல இருந்து எடுக்கல, ஆனா அப்பா அம்மா தங்களோட பப்ளிக் பக்கத்துல போட்ட குழந்தைங்க படம் அதுல வரும்னும் ஒத்துக்கிட்டாங்க. அதைப் படிச்சுட்டு நான் கொஞ்ச நேரம் போனை கீழ வச்சுட்டேன்.

ஏன்னா நான் 2011-ல இருந்து ஃபேஸ்புக்ல எழுதுறேன், பெரும்பாலும் அந்த உலக உருண்டை படம் போட்ட பப்ளிக்லதான். அப்ப பப்ளிக்னா என்ன நினைச்சோம்? வீட்டுத் திண்ணையில உக்காந்து பேசுற மாதிரி, போறவங்க வர்றவங்க கேப்பாங்க, தெரிஞ்சவங்க நின்னு ரெண்டு வார்த்தை பேசுவாங்க, அவ்வளவுதான். என் மக பொறந்தப்ப போட்டேன், மொட்டை போட்டப்ப போட்டேன், ஸ்கூல் யூனிஃபார்ம்ல மொத நாள் அழுதுட்டு நின்னதைப் போட்டேன். 2014-ல எங்கப்பா தவறின ராத்திரி தூக்கம் வராம நாலு மணிக்கு ஒரு பதிவு எழுதினேன், அதுல அவர் கடைசியா பேசினது வரைக்கும் இருக்கு. அது அன்னைக்கு என்னைத் தாங்கிப் பிடிச்ச அம்பது அறுபது பேருக்காக எழுதினது.

இதுல ஐரோப்பாக்காரங்களுக்கு என்ன நடந்துச்சு, நமக்கு என்ன நடக்குதுன்னு வச்சுப் பாத்தா கோபம்தான் வருது. 2024 ஜூன் 26-ல இருந்து அங்கயும் இந்த மாதிரி எடுக்கப்போறதா மெட்டா அறிவிச்சப்ப, வியன்னாவுல இருக்கிற, தனிநபர் தகவல் உரிமைக்காகப் போராடுற நோய்ப் (noyb)ங்கிற அமைப்பு 11 நாடுகள்ல புகார் குடுத்துச்சு, அயர்லாந்தோட தரவுப் பாதுகாப்பு ஆணையம் நிறுத்தச் சொல்லுச்சு, ஜூன் 14-லயே திட்டத்தைத் தள்ளி வச்சாங்க. கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழிச்சு 2025 மே 27-லதான் ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி அங்க இருக்கிறவங்களுக்குத் தகவல் அனுப்பி, வேண்டாம்னா ஒரு படிவத்தை நிரப்பிக் குடுங்கன்னு சொன்னாங்க, காரணம்கூட சொல்ல வேண்டியதில்ல. அதுவே பத்தாதுங்கிறதுதான் என் கருத்து, வேணும்னு சொன்னவங்ககிட்ட மட்டும்தான் எடுக்கணும். ஆனா அது ஒரு கதவாவது. பிரேசில் 2024 ஜூலைல தடை போட்டுச்சு, மீறினா ஒரு நாளைக்கு அவங்க ஊர்ப் பணத்துல 50,000 ரெயால் அபராதம்னு, பயனர்களுக்கு ஒழுங்கா தெரியப்படுத்துறோம்னு ஒத்துக்கிட்ட பிறகுதான் தடையை எடுத்தாங்க.

நம்ம ஊருக்கு வாங்க. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல வந்துச்சு, அதோட விதிகள் 2025 நவம்பர்லதான் அறிவிச்சாங்க, முழுசா அமலுக்கு வர இன்னும் டைம் குடுத்திருக்காங்க. அது கிடக்கட்டும். அந்தச் சட்டத்தோட 3-வது பிரிவைப் படிச்சுப் பாருங்க, ஒரு ஆள் தானே பொதுவுல போட்ட தன் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாதுன்னு இருக்கு. உதாரணம்கூட குடுத்திருக்காங்க, ஒரு பொண்ணு தன் கருத்தை எழுதும்போது தன்னைப் பத்தின தகவலை சோஷியல் மீடியாவுல பொதுவா போடுறா, அதுக்கு இந்தச் சட்டம் கிடையாதுன்னு. அந்தப் பொண்ணு நான்தான். இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேர்தான்.

உடனே ஒரு வாதம் வரும், என் நண்பர்கள்லயே சொல்றவங்க இருக்காங்க: "தமிழ்ல டேட்டாவே கம்மி, நாமளும் குடுக்கலைன்னா ஏஐ எப்படித் தமிழ் கத்துக்கும்?" இந்தக் கவலை எனக்கும் உண்டு, என் மக நாளைக்கு ஒரு மெஷின்கிட்ட நல்ல தமிழ்ல பேசணும்னுதான் நானும் ஆசைப்படுறேன். அதுக்காக எழுதிக் குடுக்கவும் தயார். தமிழ் விக்கிப்பீடியாவுல இத்தனை வருஷமா சம்பளம் இல்லாம எழுதுறவங்க இருக்காங்களே, அவங்க தெரிஞ்சே குடுக்குறாங்க, யார் வேணா எடுத்துப் பயன்படுத்தலாம்னு உரிமம் போட்டுத்தான் ஒவ்வொரு வரியும் எழுதுறாங்க. என்கிட்டயும் கேட்டிருந்தா நான் எழுதின சமையல் குறிப்பு, ஊர்த் திருவிழா பத்தி எழுதினது, எங்க பாட்டி சொன்ன சொலவடைங்கன்னு மொத்தத்தையும் குடுத்திருப்பேன், சந்தோஷமா குடுத்திருப்பேன். எங்கப்பா செத்த ராத்திரிய குடுத்திருக்க மாட்டேன். இது ரெண்டையும் பிரிச்சு சொல்ற உரிமை எனக்குத்தான் இருக்கணும், இதைத்தான் கேக்குறேன்.

சரி, இப்ப கையில என்ன இருக்கு? ஃபேஸ்புக்ல இருக்கிற ஒரே நிஜமான பூட்டு அந்த உலக உருண்டைய மாத்துறதுதான். ஃபேஸ்புக் செட்டிங்ஸ்ல பழைய பதிவுகளை யார் பாக்கலாம்னு கட்டுப்படுத்துற ஒரு ஆப்ஷன் இருக்கு, அதை அமுக்கினா பழைய பப்ளிக் பதிவு மொத்தமும் ஒரே அடியா ஃப்ரெண்ட்ஸுக்கு மட்டும்னு மாறிடும், ஆனா திருப்பி பப்ளிக் ஆக்கணும்னா ஒவ்வொண்ணாதான் மாத்தணும், யோசிச்சு அமுக்குங்க. எக்ஸ் தளத்துல (பழைய ட்விட்டர்) பிரைவசி பகுதியில அவங்க ஏஐயோட பேர்ல க்ரோக்னு ஒரு இடம் இருக்கு, லிங்க்ட்இன்ல டேட்டா பிரைவசியில ஜெனரேட்டிவ் ஏஐன்னு இருக்கு, ரெண்டுலயும் பயிற்சிக்கான சுவிட்சை ஆஃப் பண்ணிடுங்க, அது நாம கேக்காமலே ஆன்ல இருந்தது. வாட்ஸ்அப்ல நாம ஒருத்தருக்கொருத்தர் அனுப்புற மெசேஜ் பூட்டித்தான் போகுது, அதை எடுக்குறாங்கன்னு வர்ற ஃபார்வர்டை நம்பாதீங்க. ஆனா அந்த வட்டமா இருக்கிற மெட்டா ஏஐகிட்ட நாம டைப் பண்றது அப்படி இல்ல, பிளட் டெஸ்ட் ரிப்போர்ட்டை அதுகிட்ட குடுத்து என்னன்னு கேக்குறதுக்கு முன்னாடி யோசிங்க. இது எல்லாமே இனிமேலுக்குத்தான். ஏற்கனவே கத்துக்கிட்ட ஏஐ மாடல்ல இருந்து உங்க வரியை மட்டும் உருவி எடுக்க முடியாது.

இன்னொண்ணு, உறவுக்காரங்களுக்கு. நான் பூட்டினாலும் நீங்க கல்யாண வீட்டுல எடுத்த படத்தை பப்ளிக்ல போட்டு என்னையும் பிள்ளையையும் டேக் பண்ணா பூட்டினது வீண். படம் போடுங்க, வேண்டாம்னு சொல்லல, ஃப்ரெண்ட்ஸ்னு மாத்திட்டு போடுங்க.

போன ஞாயித்துக்கிழமை பழைய பதிவுகளை ஒவ்வொண்ணா பாக்க உக்காந்தேன். மக இப்ப ஒன்பதாவது படிக்கிறா, பக்கத்துல வந்து உக்காந்தா. மொட்டை போட்ட படம், யூனிஃபார்ம் படம், காய்ச்சல்ல படுத்திருந்த படம்னு வரிசையா வந்துச்சு. "இதெல்லாம் யாரும்மா பாத்தாங்க?"ன்னு கேட்டா. எல்லாரும்தான்னு சொன்னேன். "என்கிட்ட கேக்கவே இல்லியே"ன்னா. கேக்கல. அவளுக்கு அப்ப கேக்குற வயசு இல்லன்னு சொல்ல வாயெடுத்தேன், அந்தப் பதில் எனக்கே பிடிக்கல. அப்புறம் போனை அவ கையில குடுத்துட்டேன். ஒரு மணி நேரம் அவளேதான் பாத்துப் பாத்து மாத்தினா. ரெண்டாம் கிளாஸ்ல அவ போட்ட கோலத்தோட படம் ஒண்ணை மட்டும் பப்ளிக்லயே விட்டா, "இது இருக்கட்டும்மா"ன்னு.