டாக்டர் ஓட்டிய வண்டி

(சேலம், ஓமலூர் ரோட்டில் பழைய கார்கள் விற்கும் இடம். வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் ரத்தினவேல், துணைக்கு அழைத்து வந்த ஆக்டிங் டிரைவர் மாதையன். தரகர் டீ சொல்லப் போயிருக்கிறார்.)

ரத்தினவேல்: மாதையண்ணே, பேட்டரியைக் காணோம்!

மாதையன்: சத்தம் போடாதீர்கள், முதலாளி.

ரத்தினவேல்: போடாமல் எப்படி இருப்பது? பானெட்டைத் திறந்தால் பேட்டரி இல்லை, ஆயில் பார்க்கிற டிப்ஸ்டிக்கும் இல்லை. டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இல்லை. புதிதாக வாங்கினால் 60 லட்சம் ஆகிற பி.எம்.டபிள்யூ. த்ரீ சீரிஸை 29 லட்சத்துக்குத் தருகிறேன் என்று அந்த ஆள் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. பாதி விலைக்குப் பாதி வண்டியைத்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்.

மாதையன்: பேட்டரி டிக்கியில், வலது பக்க மூடிக்குள் இருக்கிறது. முன் சக்கரங்களின் மேலும் பின் சக்கரங்களின் மேலும் எடை ஏறக்குறைய சமமாக விழ வேண்டும் என்று அதைப் பின்னால் வைத்திருக்கிறார்கள். டிப்ஸ்டிக் இந்த என்ஜினுக்குக் கிடையாது. ஆயில் அளவைச் சென்சார் பார்த்துத் திரையில் காட்டும். ஸ்டெப்னிக்குக் குழியே இல்லை, பாருங்கள். இவை ரன்ஃபிளாட் டயர்கள். காற்று முழுவதும் இறங்கினாலும் டயரின் பக்கச்சுவர் வண்டியைத் தாங்கும். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம் போகலாம். சில வண்டிகளுக்கு ஒல்லியான அவசரச் சக்கரம் ஒன்றைத் தனியாகக் கொடுப்பதுண்டு, அதை வேண்டுமானால் கேட்டுப் பார்க்கலாம்.

ரத்தினவேல்: அந்த 80 கிலோமீட்டர் முடிந்த பிறகு?

மாதையன்: பர்ஸைத் திறக்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டை பஞ்சர் கடைக்காரர் இந்த டயரைப் பார்த்தால் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்.

ரத்தினவேல்: சரி, அப்படியென்றால் எதுவும் காணாமல் போகவில்லை. நான்தான் அவசரப்பட்டு அந்த மனிதரைத் தவறாக நினைத்துவிட்டேன். லேடி டாக்டர் ஓட்டிய வண்டியாம். ஒரே ஓனராம். வீட்டில் இருந்து கிளினிக், கிளினிக்கில் இருந்து வீடு.

(பழைய கார் பார்க்கப் போன எவரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் திரும்பி வந்ததாக இதுவரை தகவல் இல்லை.)

மாதையன்: நானும் இந்த ஊரில் காது நரைக்கும் வரை வண்டி ஓட்டிவிட்டேன், முதலாளி. வக்கீல் ஓட்டிய வண்டி என்று எவரும் விற்றதில்லை. ஜவ்வரிசி மில்காரர் ஓட்டிய வண்டி என்றும் விற்றதில்லை. ஃபைனான்ஸ்காரர் ஓட்டிய வண்டி என்று சொன்னால் பார்க்க வந்தவர் வாசலோடு போய்விடுவார். சேலத்தில் டாக்டர்களைத் தவிர மற்ற எல்லோரும் டவுன் பஸ்ஸில்தான் போகிறார்கள் போலிருக்கிறது.

ரத்தினவேல்: கிண்டல் வேண்டாம். மீட்டரைப் பாருங்கள், 31,000 கிலோமீட்டர்தான். 2020ஆம் வருடத்து வண்டி.

மாதையன்: நம்பர் பிளேட்டைப் பார்த்தீர்களா?

ரத்தினவேல்: பி.ஒய். 01. அதற்கென்ன?

மாதையன்: பாண்டிச்சேரிப் பதிவு. டாக்டருக்கு வீடு சேலத்தில், கிளினிக் பாண்டிச்சேரியில் என்றால், வீட்டுக்கும் கிளினிக்குக்கும் மட்டுமே ஓடிய வண்டி என்று தரகர் சொன்னது முழுக்க உண்மையாகவே இருக்கலாம். ஒரு நடைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். போய் வந்தால் 400. அந்தக் கணக்கில் 31,000 என்பது அந்த அம்மாவுக்கு மூன்று மாதத்துக்குக் கூடக் காணாது.

ரத்தினவேல்: பாண்டிச்சேரியில் வரி குறைவு என்று அங்கே பதிவு செய்திருப்பார். பணம் உள்ள எல்லோரும் செய்வதுதானே?

மாதையன்: செய்வார்கள். அவர்கள் மிச்சம் பிடித்ததை இப்போது நீங்கள் கட்டப் போகிறீர்கள். வேறு மாநில வண்டி இங்கேயே 12 மாதத்துக்கு மேல் இருந்தால் பதிவை மாற்றியாக வேண்டும். அதற்குப் பாண்டிச்சேரி ஆர்.டி.ஓ.விடம் 28ஆம் நம்பர் படிவத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பிறகு வண்டியின் வயதுக்குத் தகுந்தபடி தமிழ்நாட்டு ஆயுட்கால வரி. அந்தச் செலவு இந்த 29 லட்சத்தில் சேர்ந்ததா என்று கேட்டீர்களா?

ரத்தினவேல்: அதைக் கேட்கவில்லை. ஜி.எஸ்.டி. தனி என்று மட்டும் சொன்னார். 18 சதவீதம். 29 லட்சத்துக்கு 5,22,000 ரூபாய் என்று துண்டுச் சீட்டில் எழுதியே கொடுத்திருக்கிறார்.

மாதையன்: வெள்ளிக்கு 3 சதவீதம் கட்டும்போது மூன்று நாள் புலம்புகிற நீங்கள், இந்தச் சீட்டை எப்படிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தீர்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை. பழைய வண்டிக்கு 18 சதவீதம் உண்டு. 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் எல்லாப் பழைய கார்களுக்கும் ஒரே விகிதமாக அதை வைத்தது. ஆனால் அது வியாபாரி வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் நிற்கிற லாபத்துக்கு மட்டும்தான். இவர் 27 லட்சத்துக்கு வாங்கி 29க்கு விற்றால் வரி 36,000 ரூபாய். 5,22,000 வரி வர வேண்டும் என்றால் வண்டியை டாக்டர் இவருக்குச் சும்மா கொடுத்திருக்க வேண்டும்.

ரத்தினவேல்: டாக்டர்கள் நல்லவர்கள்தானே.

மாதையன்: இப்படி வந்து குனிந்து இந்த டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் சின்ன முட்டை வடிவத்துக்குள் நாலு எண்கள் தெரிகின்றனவா?

ரத்தினவேல்: 1423. என்ன அண்ணே இது, விஜயநகர காலத்து டயரா?

மாதையன்: 2023ஆம் வருடம், 14ஆவது வாரம் தயாரித்த டயர். நாலு டயரிலும் அதே எண்தான் இருக்கிறது. 2020ஆம் வருடத்து வண்டியோடு இது வந்திருக்க முடியாது. முதல் செட் தேய்ந்து போய் இந்த இரண்டாவது செட் போட்டிருக்கிறார்கள். இப்போது இதன் பள்ளத்துக்குள் குறுக்கே ஒரு சின்ன ரப்பர் மேடு இருக்கிறதே, அதை விரலால் தொட்டுப் பாருங்கள். டயர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் பள்ளம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று அர்த்தம். இரண்டாவது செட்டும் முடிந்துவிட்டது. 31,000 கிலோமீட்டருக்குள் இரண்டு செட் டயர் தின்றிருக்கிறது.

ரத்தினவேல்: ஏற்காட்டுக்கு அடிக்கடி போயிருப்பார். 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, தேயத்தானே செய்யும்.

மாதையன்: அப்படியானால் டிரைவர் சீட்டைப் பாருங்கள். ஏறி இறங்குகிற பக்கத்து விளிம்பில் தோல் மடிந்து வெளுத்திருக்கிறது. ஸ்டீயரிங் வழவழவென்று மின்னுகிறது. பிரேக் பெடலின் ரப்பரில் இருந்த கோடுகள் ஒரு ஓரத்தில் அழிந்தே போய்விட்டன. பின் சீட்டு மட்டும் கல்யாண மண்டபத்து மேடை நாற்காலி போலப் பளிச்சென்று இருக்கிறது. யாரோ ஒருவர் தனியாக உட்கார்ந்து லட்சம் கிலோமீட்டருக்கு மேல் மிதித்திருக்கிறார்.

ரத்தினவேல்: டாக்டருக்கு அவசரக் கேஸ் நிறைய வந்திருக்கும்.

மாதையன்: பிரசவம் பார்க்கிறவரா?

ரத்தினவேல்: இருக்கலாம்.

மாதையன்: அந்த ஃபைலில் ஆர்.சி.யின் நகல் இருக்கிறது. பெயரைப் படியுங்கள்.

ரத்தினவேல்: (படித்துப் பார்த்து) ஏதோ... பிரைவேட் லிமிடெட் என்று முடிகிறது.

மாதையன்: டாக்டரின் பெற்றோர் அப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அதன் கீழே ஓனர் சீரியல் என்று ஒரு எண் இருக்கும்.

ரத்தினவேல்: 3.

மாதையன்: ஒரே டாக்டர்தான், மூன்று முறை வாங்கியிருக்கிறார்.

ரத்தினவேல்: என்னண்ணே, எதை எடுத்தாலும் குறை சொல்கிறீர்கள்! பழைய வண்டியே வேண்டாம் என்கிறீர்களா?

மாதையன்: நான் அப்படிச் சொல்லவே இல்லை. இந்த விலையில் பழையதுதான் புத்திசாலித்தனம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு ஆயுட்கால வரி 20 சதவீதம். 60 லட்சத்து வண்டிக்கு வரி மட்டும் 12 லட்சம். அந்தப் பணத்துக்கு இன்னொரு நல்ல கார் வாங்கி வீட்டம்மா கையில் சாவியைக் கொடுக்கலாம். அந்த வரியையும், ஷோரூம் வாசலைத் தாண்டியதும் விழுகிற விலையையும் முதலில் வாங்கியவர் தலையில் கட்டிவிட்டு, அஞ்சு வருடம் கழித்து நல்ல வண்டியாகப் பார்த்து எடுப்பவன்தான் கெட்டிக்காரன். த்ரீ சீரிஸ் ஆகட்டும், பென்ஸ் சி கிளாஸ் ஆகட்டும், ஆடி ஏ ஃபோர் ஆகட்டும், ஒழுங்காகச் சர்வீஸ் பார்த்திருந்தால் மூன்றுமே நன்றாக உழைக்கிறவைதான். ஆனால் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: விலைதான் பாதியாகியிருக்கிறது, வண்டி பாதியாகவில்லை.

ரத்தினவேல்: புரியவில்லையே.

மாதையன்: முன் விளக்கு ஒன்று உடைந்தால் கடைக்காரர், ஐயா 29 லட்சத்துக்குத்தானே வாங்கினார் என்று பாதி விலையில் தர மாட்டார். 60 லட்சத்து வண்டியின் விளக்குக்கு என்ன விலையோ அதைத்தான் கேட்பார், அதையும் லட்சத்தில்தான் பேசுவார். சஸ்பென்ஷன், பிரேக், கியர்பாக்ஸ் எல்லாமே அப்படித்தான். 29 லட்சத்துக்கு வண்டி வாங்கி 29 லட்சத்து வண்டிக்கு உண்டான செலவு செய்யலாம் என்று நினைக்கிறவர்களின் கார்கள்தான் இங்கே வரிசையாக நிற்கின்றன. மூன்று நாலு லட்சத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியில் வண்டி பாருங்கள்.

ரத்தினவேல்: ஜெர்மன்காரன் செய்தது அண்ணே, அவ்வளவு லேசில் கெடாது.

மாதையன்: 2007ஆம் வருடத்தில் இருந்து செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், மகிந்திரா வேர்ல்டு சிட்டியில்தான் பூட்டுகிறார்கள். உங்கள் சகலை வாங்கிய பென்ஸைப் புனேக்குப் பக்கத்தில் சாகன் என்ற ஊரில் பூட்டுகிறார்கள். பூட்டிய கைகள் நம்மவர்களுடையவை, நன்றாகத்தான் பூட்டியிருப்பார்கள்.

ரத்தினவேல்: இப்போது எதற்குச் சகலை பேச்சு?

மாதையன்: நான் எடுக்கவில்லை. காலையில் இருந்து நீங்கள்தான், ஏற்காட்டில் அவருடைய எஸ்டேட் வாசலில் இதைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தீர்கள். நிறுத்தலாம், முதலில் அது அங்கே போய்ச் சேர வேண்டும். அடிவாரத்தில் இருந்து நாலு வளைவு ஏற்றி இறக்கிப் பார்த்தால் கியர்பாக்ஸும் பிரேக்கும் தம் கதையைத் தாமே சொல்லிவிடும். கேட்டீர்களா?

ரத்தினவேல்: கேட்டேன். எதிரில் இருக்கிற பெட்ரோல் பங்க் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்றார்.

மாதையன்: நிச்சயம் அங்கே வரை ஓடும். உங்கள் தெரு முனையில் இருக்கிற வேகத்தடையைப் பற்றி யோசித்தீர்களா? சாலை விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரத்தில், 3.7 மீட்டர் அகலத்துக்குச் சரிவாக இருக்க வேண்டும். உங்கள் தெருவில் இருப்பது யாரோ வீடு கட்டி மிஞ்சிய கான்கிரீட்டைக் கொட்டி எழுப்பிய சுவர். ஆட்டோவே அதில் குறுக்காகத்தான் ஏறுகிறது.

ரத்தினவேல்: சரி, கடைசியாக என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்?

மாதையன்: சேஸிஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு, ஓனரின் சம்மதத்தோடு கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் கணக்கைக் கேளுங்கள். எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்று அதில் வரிசையாக இருக்கும். மீட்டரைத் திருப்பியவர் கம்பெனி கம்ப்யூட்டரைத் திருப்பியிருக்க மாட்டார். அப்படியே வண்டியை லிப்டில் ஏற்றி, கம்ப்யூட்டர் மாட்டி ஒருமுறை முழுவதும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

ரத்தினவேல்: விசாரித்தேன் அண்ணே. சும்மா பார்ப்பதற்கே சில ஆயிரம் ஆகுமாம். வாங்கவே வாங்காத வண்டிக்கு எதற்கு அந்தத் தண்டச் செலவு?

மாதையன்: பட்டறைக்குக் கால் கிலோ வெள்ளி வந்தால் கூட டச் பார்த்து, எவ்வளவு சுத்தம் என்று தெரியாமல் பெட்டிக்குள் வைக்க மாட்டீர்கள். மாமனார் கொடுத்த வெள்ளிக் குத்துவிளக்கையே உரசிப் பார்த்தவர் என்று உங்கள் வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 29 லட்சத்துக்கு மட்டும் தரகரின் வாய் போதும் என்கிறீர்கள்.

ரத்தினவேல்: வெள்ளியில் ஏமாற்றுவார்கள் அண்ணே.

(மாதையன் சிறிது நேரம் வானத்தைப் பார்க்கிறார். தரகர் டீ கிளாஸ்களோடு தூரத்தில் வருகிறார்.)

ரத்தினவேல்: அதோ வருகிறார். டயர் தேய்ந்திருக்கிறது என்ற ஒரே பாயிண்ட்டைப் பிடித்துக்கொண்டு 50,000 ரூபாய் குறைக்கச் சொல்கிறேன். குறைத்தால் இன்றைக்கே முடித்துவிடுவோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டில் காதுகுத்து, அதற்குள் வண்டி கைக்கு வந்தாக வேண்டும். அட்வான்ஸ் கையோடு கொண்டு வந்திருக்கிறேன்.

மாதையன்: நன்றாக முடியுங்கள். அதற்கு முன்னால் என்னுடைய இன்றைய பேட்டா 800 ரூபாயை மட்டும் கொடுத்துவிடுங்கள், முதலாளி.

ரத்தினவேல்: வண்டியை ஒரு அடி கூட ஓட்டவில்லையே அண்ணே, அதற்கு 800 ரூபாயா? சாயங்காலம் கணக்குப் பார்த்துத் தருகிறேனே.

மாதையன்: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே வாங்கிக்கொள்கிறேன். கொடுத்த பிறகு உங்களிடம் கேட்க எனக்கு மனம் வராது.