விதைத்தவர்கள் கேட்கும் முப்பது நாள்

மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் தலைநகரான அக்ராவுக்கு வேலைக்கு வந்த முதல் வருஷம். மே மாதக் கடைசி, ஞாயிற்றுக்கிழமை காலை. கண் விழித்ததும் ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. தெருமுனை சபையின் ஸ்பீக்கர் பாடவில்லை. எதிர்ச் சாலையில் தினமும் மைக் பிடித்துப் பிரசங்கம் செய்பவரையும் காணோம். மறுநாள் கூட வேலை பார்க்கும் நண்பரிடம் கேட்டேன். "விதைத்திருக்கிறோம். முப்பது நாளைக்குச் சத்தம் கூடாது" என்றார். அவர் கா இனத்தவர். அக்ரா அவர்களுடைய பூர்வீக ஊர்.

கா மக்களின் பெரிய திருவிழா ஹோமோவோ. பசியைப் பார்த்துக் கூச்சலிட்டு ஏளனம் செய்வது என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். முன்னோர் இடம்பெயர்ந்து வந்த காலத்தில் மழை பொய்த்துப் பெரும் பஞ்சம் வந்தது, பிறகு மழை பெய்து மக்காச்சோளம் விளைந்ததும் பசியை நோக்கிக் கைகொட்டிச் சிரித்தார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. விழா தொடங்குவது விருந்தில் இல்லை, விதைப்பில். வுலோமோ எனப்படும் பூசாரிகள் வெள்ளை உடுத்தி, தெய்வத்துக்குரிய நிலத்தில் தானியம் விதைக்கிறார்கள். அதன்பின் ஊர் அடங்க வேண்டும். மேளம் இல்லை, கொட்டு இல்லை. பயிர் தலையெடுக்கும் வரை தெய்வங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது கட்டுப்பாடு.

இந்த முப்பது நாளைப் பற்றித்தான் நான் எழுத வந்தது. ஏனென்றால் இங்கே படித்தவர்கள் பலர் என்னிடம் சொல்வது இது: "ஹோமோவோ நல்ல விழா, நடக்கட்டும். ஆனால் ஒரு தலைநகரத்தையே ஒரு மாதம் வாயை மூடச் சொல்வது எந்தக் காலத்து நியாயம்?" எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. மேளத்தடையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சனிக்கிழமை ஊர்வலம், வண்ணத் துணி, புகைப்படம். அது வேடிக்கை பார்க்க வருபவர்களுக்குப் போதும். விதைத்தவர்களுக்குப் போதாது.

யாருடைய ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். 1877-இல் ஆங்கிலேயர் கேப் கோஸ்ட்டிலிருந்து தலைநகரை அக்ராவுக்கு மாற்றினார்கள். அன்று முதல் அரசுக் கட்டடங்களுக்கும், சாலைகளுக்கும், குடியிருப்புகளுக்கும் கா மக்களின் நிலம் கை மாறிக்கொண்டே இருக்கிறது. நாடு முழுவதிலுமிருந்து ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். என்னைப் போல கடல் கடந்து வந்தவர்களும் உண்டு. இன்று சந்தைக்குப் போனால் காதில் அதிகம் விழுவது உள்நாட்டிலிருந்து வந்த அக்கான் மக்களின் ட்வி மொழிதான். சொந்த ஊரிலேயே கா மக்கள் சிறுபான்மை. நிலம் போய், மொழி ஒடுங்கிய பிறகு, வந்து குடியேறிய எல்லோரையும் பார்த்து "கொஞ்ச நாள் எங்கள் முறைப்படி இருங்கள்" என்று அவர்கள் கேட்கும் ஒரே விஷயம் இந்த அமைதி. அதையும் கொடுக்க மனசில்லை என்றால் எப்படி?

இதற்காகச் சண்டையும் நடந்திருக்கிறது. 1998-இல் அக்ராவின் கோர்லே கோன்னோ பகுதியில் ஒரு தேவாலயத்துக்குள் இளைஞர்கள் புகுந்து தாக்கினார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அப்படி நடந்தது. கும்பிட வந்தவர்களை அடிப்பதை நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். எந்தத் தெய்வமும் அதைக் கேட்டிருக்காது. அதற்குப் பிறகு ஒரு நல்ல வழி பிறந்தது. ஒவ்வொரு ஆண்டும் மாநகராட்சி தேதிகளை முன்கூட்டியே அறிவிக்கிறது. வழிபாடு அவரவர் வளாகத்துக்குள் சத்தம் குறைத்து நடக்கலாம். தேவாலயம், மசூதி, மதுக்கடை எதுவானாலும் வெளியே ஸ்பீக்கர் வைக்கக் கூடாது. யாருடைய ஜெபத்தையும் யாரும் தடுக்கவில்லை. ஸ்பீக்கரை உள்ளே எடுத்து வைக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். மத சுதந்திரத்துக்கு உறுதி தரும் அதே 1992 அரசமைப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, ஒவ்வொருவரும் தம் பண்பாட்டையும் மரபையும் பேணும் உரிமையைச் சொல்கிறது. மனிதரைச் சிறுமைப்படுத்தும் வழக்கங்களுக்கு அங்கேயே தடையும் உண்டு. ஒரு மாத அமைதி யாரைச் சிறுமைப்படுத்துகிறது?

வாத்தியம் வாசித்துப் பிழைப்பவர்களுக்கு அந்த மாதம் கஷ்டம்தான், மறுக்கவில்லை. அவர்களுக்கு என்ன செய்யலாம் என்று பேசலாம். தடையையே எடு என்பது அதற்குப் பதில் ஆகாது. மீனவர்கள் செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போகக் கூடாது என்பதும் இங்கே பழைய கட்டுப்பாடு. வாரத்தில் ஒருநாள் வருமானம் போனாலும் கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறார்கள். கடலுக்கும் ஓய்வு வேண்டும் என்பது அவர்களுக்குச் சாதாரணப் பேச்சு.

போன ஆகஸ்டில் ஹோமோவோவுக்காக நண்பர் என்னை அக்ராவின் பழைய பகுதியான ஜேம்ஸ் டவுனில் இருக்கும் குடும்ப வீட்டுக்கு அழைத்துப் போனார். வெளியூரில் இருக்கும் உறவினர் வியாழக்கிழமையே மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்துவிட்டார்கள். அப்படி வருபவர்களுக்கு 'சோபி' என்று பெயரே உண்டு, வியாழக்காரர்கள். வெள்ளிக்கிழமை இரட்டைப் பிள்ளைகளுக்கான நாள். சனிக்கிழமை, புளித்த மக்காச்சோள மாவை ஆவியில் வேகவைத்து, பனை எண்ணெய் விட்டுப் பிசைந்த க்போக்போய். வீட்டுப் பெரியவர் முதலில் ஒரு பிடி எடுத்து வாசலில் தூவினார். முன்னோருக்கு. வாய்க்குள் பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டே தூவினார். பிறகு ஒரு பெரிய பாத்திரத்தில் அதைக் குவித்து, எண்ணெய்ப்பனைப் பழக் குழம்பையும் மீனையும் மேலே ஊற்றினார்கள். அந்த ஒரே பாத்திரத்தில் எல்லோரும் கை வைத்தோம். தாத்தா, பேரன், நான். சின்னவன் ஒருவன் தாத்தாவின் பக்கமிருந்த மீனை எட்டி எடுத்தான். யாரும் அதட்டவில்லை. அன்றைக்குப் பெரியவர் சின்னவர் கிடையாதாம்.

இரவு அங்கேயே தங்கினேன். ஞாயிறு விடியும் முன்னே அழுகைச் சத்தம் கேட்டு எழுந்தேன். பக்கத்து வீட்டில், அதற்கு அடுத்த வீட்டில், தெரு முழுக்க. அந்த வருஷம் இறந்தவர்களுக்காக அழுகிறார்கள். நண்பரின் அம்மா முற்றத்தில் உட்கார்ந்து, மார்ச்சில் போய்விட்ட தன் தங்கைக்காக வாய்விட்டு அழுதார். அரை மணி நேரம் இருக்கும். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஒவ்வொருவர் கையையும் பிடித்து "ங்கோ வாலா" என்றார். உயிரை வாங்கிக்கொள் என்று அர்த்தமாம். என் கையையும் பிடித்துச் சொன்னார்.